எட்டாவது கேள்வி

தீபாவளிக்கு மறுநாள் மதியம். ஆட்டுக்கறியும் தோசையும் முடிந்து எல்லாரும் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அக்கா பேச்சோடு பேச்சாகத்தான் ஆரம்பித்தாள்.

"சித்தப்பா, உக்காந்து பேப்பர் படிக்கறப்ப கண்ணு அசருமா?"

"அசராது."

"டிவி பாக்கறப்ப?"

"டிவிய எங்கம்மா நான் பாக்கறேன்? உங்க சித்திகிட்ட கேளு."

"கோயில்ல, கூட்டத்துல, சும்மா உக்காந்திருக்கறப்ப?"

"இல்ல."

"வேற ஆளு காடி ஓட்டறாங்க, நீங்க பக்கத்துல உக்காந்து போறீங்க. ஒரு மணி நேரம்."

"நான் ஏன் பக்கத்துல உக்காரணும்?"

இப்படியே போனது. மதியம் படுத்தால், யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது, சாப்பிட்டுவிட்டு அமைதியாக இருக்கும்போது. எல்லாவற்றுக்கும் இல்லை. எட்டாவது கேள்விக்கு வந்தாள். "காடி ஓட்டிட்டுப் போறீங்க. ஜாம்ல ரெண்டு நிமிசம் நிக்கிறீங்க. அப்ப?"

அப்பா சத்தமாகச் சிரித்தார். "சுங்காயில ஏதும்மா ஜாம்?"

எல்லாரும் சிரித்தோம். கால் மணி நேரத்தில் அப்பா அதே நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிப்போனார். குறட்டை ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் மனசுக்குள் எண்ணினேன். இருபதைத் தாண்டியபோது பெரிய திணறலோடு மூச்சு திரும்பி வந்தது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாசலில் கிடந்த பட்டாசுத் தாளைப் பார்த்தேன்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார்.

அந்த எட்டுக் கேள்விகளை எழுதியவர் மரி ஜான்ஸ் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர். மெல்பர்னில் எப்வொர்த் என்ற மருத்துவமனையில் இருந்தபோது, 1991-இல் வெளியிட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அளவு மீறியிருக்கிறது என்று பொருள். தூக்க மருத்துவம் கற்றுக்கொள்ள வரும் டாக்டர் முதல் நாட்களிலேயே கையில் எடுக்கும் தாள் இது. கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். பதில் சொல்கிறவர் உண்மை சொன்னால் போதும்.

நான் ஓர் ஆலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் பொறியியலாளன். வெப்பமானி தப்பாகக் காட்டினால் கழற்றி, தரமான இன்னொன்றோடு ஒப்பிட்டு, எவ்வளவு தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். எந்த வெப்பமானியும் வேலை போய்விடுமோ என்று பயந்து தப்பான எண்ணைக் காட்டுவதில்லை. அக்காவின் துறையில் அந்த வசதி கிடையாது.

அக்கா என்றால் பெரியம்மா மகள். எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து டாக்டரான முதல் ஆள். இப்போது சுவாச மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சியில் இருக்கிறாள். அதற்குள்ளே தூக்க மருத்துவத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறாள். அமெரிக்காவில் இது 2005-இல் தனி உட்பிரிவாக ஏற்கப்பட்டு, 2007-இல் முதல் தேர்வு நடந்தது. பொது மருத்துவமோ நரம்பியலோ மனநலமோ குழந்தை மருத்துவமோ முடித்தவர்கள் மேலும் ஓராண்டு படித்து இதற்குள் வருகிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் சுவாசம், காது மூக்கு தொண்டை, நரம்பியல் என்று ஏதாவது ஒரு வாசல் வழியாகத்தான் நுழைகிறார்கள். பல வாசல் உள்ள வீடு என்பதற்குக் காரணம், தூக்கம் எந்த ஓர் உறுப்பின் வேலையும் இல்லை என்பதுதான். மூளை, தொண்டை, நுரையீரல், இதயம், மனசு எல்லாம் சேர்ந்து இரவில் செய்யும் காரியம் அது.

ஒரு தடவை அவள் மடிக்கணினியில் பயிற்சிக்கான பதிவு ஒன்றைக் காட்டினாள். யாருடைய தூக்கம் என்று தெரியாது, பெயர் நீக்கியிருந்தார்கள். தலையில் ஒட்டிய மின்முனைகள், கண் அசைவு, தாடைத் தசை, கால் தசை, மூக்கில் காற்றோட்டம், மார்பும் வயிறும் ஏறி இறங்குவது, இரத்தத்தில் ஆக்ஸிஜன், இதயத்துடிப்பு என்று வரிவரியாக ஓடியது. அதை 30 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இது விழிப்பு, இது முதல் நிலை, இது ஆழ்நிலை, இது கனவு நிலை என்று முத்திரை போட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 960 துண்டுகள். கணினியும் செய்யும், ஆனால் படிக்கிறவர் கையால் செய்துதான் கண்ணைப் பழக்க வேண்டும் என்றாள்.

"ஏன் 30 விநாடி?" என்று கேட்டேன். அது இயந்திரக் கேள்வி, அக்காவுக்கும் பதில் தெரிந்திருந்தது. பழைய பதிவுக்கருவியில் காகிதம் விநாடிக்குப் பத்து மில்லிமீட்டர் நகரும். ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர். ஆகவே ஒரு பக்கம் 30 விநாடி. 1968-இல் ரெக்ட்ஷாஃபன், கேல்ஸ் என்ற இருவர் தொகுத்த விதிநூல் வழியே அது நிலைபெற்றது. காகிதம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அதன் அகலம் மட்டும் மனிதத் தூக்கத்தின் அலகாக இன்னும் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. அறிவியல் எங்கேயாவது ஒரு மேசையின் அளவில்தான் ஆரம்பிக்கிறது.

அவள் கற்றுக்கொள்வதில் முக்கால்வாசி ஒரே நோயைப் பற்றியது. தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து காற்றுவழி மூடிக்கொள்கிறது. மார்பு இழுக்கிறது, காற்று வரவில்லை. ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஒரு கணம் விழிக்கிறது, தொண்டை திறக்கிறது, மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம். காலையில் எழுந்தவருக்கு எதுவும் நினைவில்லை. மூச்சு முழுவதும் நின்றதும், ஓரளவு குறைந்ததும், குறைந்தது பத்து விநாடி நீடித்தால் ஒன்று என்று எண்ணுகிறார்கள். மணிக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. பதினைந்தைத் தொட்டால் நடுத்தரம், முப்பதைத் தொட்டால் கடுமை. இப்படிப்பட்டவர் ராத்திரி பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து, நான் நன்றாகத் தூங்கினேன் என்று சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

அப்பாவின் கதையில் இந்த அப்பாவித்தனம் பாதிதான். மீதிப் பாதி எனக்குத் தெரியும்.

நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது பள்ளி விடுமுறையில் அப்பாவோடு லோரியில் போவேன். விளைச்சல் அதிகமான மாதங்களில் ஆலை வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் அவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். பழம் காத்திருக்காது, ஆகவே ஆள் காத்திருப்பார். ஒரு சாயங்காலம் வெறும் லோரியோடு திரும்பும்போது மண்சாலையில் வண்டி மெதுவாக இடது பக்கம் ஒதுங்கியது. குழிக்கு ஒதுங்குகிறார் என்று நினைத்தேன். முன்சக்கரம் கால்வாயில் இறங்கி வண்டி சாய்ந்து நின்றது. அடி யாருக்கும் இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அப்பாவின் கண் அப்போதுதான் திறந்தது. குத்தகைக்காரரிடம் டயர் வழுக்கிவிட்டது என்றார். என்னிடமும் அதையே சொன்னார். அன்று மழை பெய்யவில்லை.

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த லோரிதான் என் பல்கலைக்கழகக் கட்டணத்தில் பாதியைக் கட்டியது.

சுங்காயே ஓட்டுநர்களின் கண்ணைத் திறந்துவைக்கப் பிறந்த ஊர் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்ட 1994-க்கு முன்னால், கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் நடுவே ஓடும் பேருந்துகள் பழைய பெருஞ்சாலையில் இங்கேதான் நிறுத்திச் சாப்பிடும். கடைகளின் கறுப்புக் காப்பி பல பேருடைய உயிரைக் காத்திருக்கும். காவல்காரரை நாம் 'ஜாகா' என்கிறோம். மலாயில் 'ஜாகா' என்றால் காவல், விழித்திருப்பதும் அதுவே. சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். விழிப்பும் காவலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது அழகாகத்தான் இருக்கிறது, ராத்திரி முழுக்க விழித்திருப்பவர் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்று கேட்காதவரை.

விழித்திருப்பதில் பெருமை எங்கள் வீட்டில் பழையது. ஆத்தா பால்வெட்டுக்குப் போனவர். பெரட்டுக்கு இருட்டிலேயே போய் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குத் துண்டு இல்லை, வீட்டுக்குப் போ என்பார்களாம். ஏன் அவ்வளவு சீக்கிரம் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, மரம் விடியறதுக்கு முன்னாடிதான் பால் குடுக்கும் என்றார். உண்மைதான். ராத்திரியில் கித்தா மரம் இலை வழியே நீரை இழப்பது குறைவு, பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறினால் இறங்கிவிடும். மரத்தின் உடம்பியலுக்கு ஏற்ப மனிதத் தூக்கத்தை வெட்டி நேர்செய்தார்கள். ஆனால் சீக்கிரம் எழுப்பியவர்கள் சீக்கிரம் படுக்கவும் வழி செய்தார்களா என்று யாரும் கேட்கவில்லை. ஆத்தா திரும்பி வந்து சமைத்து, துவைத்து, மறுநாள் உளியைத் தீட்டி வைத்துவிட்டுத்தான் படுப்பார். 'தூங்குமூஞ்சி' என்பது லயத்தில் பெரிய வசை. வள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில் தூக்கத்தைக் கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் கலங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார். அவர் சோம்பலைத்தான் சொன்னார், களைப்பைச் சொல்லவில்லை என்று நான் வாதாடுவேன். தோட்டத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

இந்தப் பரம்பரையிலிருந்து போனவள்தான் அக்கா. அவள் போய்ச் சேர்ந்த மருத்துவமும் அதே பெருமையில் ஊறியது. இன்று உலகமெல்லாம் நடைமுறையில் உள்ள சிறப்பு மருத்துவர் பயிற்சிமுறைக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் வில்லியம் ஹால்ஸ்டெட். 1889-இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவத் தலைவர். பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும், எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும். ஆங்கிலத்தில் அவர்களுக்கு 'ரெசிடென்ட்' என்று பெயர் வந்தது அங்கே குடியிருந்ததால்தான். ஹால்ஸ்டெட் கோக்கைனுக்கு அடிமையாகி, பிறகு மார்ஃபினுக்கு மாறி, வாழ்நாள் முழுக்க அதை மறைத்தவர் என்பது பின்னால் வெளியே வந்தது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. உடம்பைப் பற்றிப் பொய் சொன்ன ஒருவரின் கால அட்டவணையை நூறு ஆண்டுகளாக மற்றவர்களின் உடம்பு சுமந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

1984 மார்ச்சில் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் காலை இறந்தாள். அவள் ஏற்கெனவே எடுத்துவந்த ஒரு மருந்தோடு சேரக்கூடாத இன்னொரு மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. பார்த்துக்கொண்டவர்கள் நீண்ட நேரப் பணியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள். அவள் தந்தை பத்திரிகையாளர், விடவில்லை. 1989-இல் நியூயார்க் மாநிலம் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என்று வரம்பு போட்டது. 2003-இல் அது நாடு முழுவதற்கும் வந்தது. எண்பது மணியைக் குறைப்பு என்று சொல்ல வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

நேர்மையாக ஒன்றையும் சொல்லவேண்டும். 2004-இல் வந்த ஓர் ஆய்வு, நீண்ட பணிமுறையில் பயிற்சி மருத்துவர்கள் கடுமையான தவறுகளை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் செய்தார்கள் என்றது. பின்னால் 2016-லும் 2019-லும் வந்த பெரிய ஆய்வுகளோ, நேர வரம்பைத் தளர்த்தியதால் நோயாளிகள் அதிகம் இறக்கவில்லை என்றன. அக்காவே இந்த இரண்டாவது பக்கத்தைத்தான் எனக்கு முதலில் சொன்னாள். டாக்டர் மாறும்போது நோயாளியைப் பற்றிய செய்தி கைமாறுகிறது, அதிலும் தவறு நடக்கும். ஆனால் 2005-இல் வந்த இன்னொரு கணக்கை யாரும் திருப்பிப் போடவில்லை. நீண்ட பணி முடித்து வீட்டுக்குக் காரோட்டும் பயிற்சி மருத்துவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். நோயாளி பிழைத்துக்கொள்கிறார். டாக்டர் சாலையில் இருக்கிறார்.

இந்த இடத்தில்தான் அவள் தன் கதையைச் சொன்னாள். தீபாவளி முடிந்து நான் அவளை ரயிலுக்குக் கொண்டுபோய் விடும்போது. ஹவுஸ்மேனாக இருந்த காலம். ஒரு ராத்திரிப் பணி மறுநாள் மதியம் வரை இழுத்துவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சாலைத் தடுப்பில் காரின் முழு இடது பக்கத்தையும் உரசிவிட்டாள். உரசும் சத்தம்தான் எழுப்பியது. காப்புறுதிக்காரரிடமும் வீட்டிலும் நாய் குறுக்கே வந்தது என்றாள்.

"நாயா?" என்றேன்.

"நாய்தான். கறுப்பு நாய்னு வேற சொன்னேன்." சிரித்தாள். "வார்டுல சொல்லியிருந்தா, இந்தப் புள்ளைக்குத் தாங்கற சக்தி இல்லன்னு எழுதியிருப்பாங்க. நான் காண்ட்ராக்ட்ல இருந்தேன்டா."

2016 இறுதியிலிருந்து நம் நாட்டில் புதிய மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறார்கள். நிரந்தர வேலையும் சிறப்புப் பயிற்சிக்கான வழியும் கேட்டு 2021 ஜூலை 26 அன்று பல மருத்துவமனைகளில் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அது தூக்கத்துக்கான போராட்டம் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர், எனக்குக் கண் இருட்டுகிறது என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார். குத்தகை லோரிக்கும் ஒப்பந்த மருத்துவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசமே இல்லை. ஒருவர் டயர் என்றார். இன்னொருவர் நாய் என்றார்.

தூங்கிப்போவது குற்றமா? பார்த்தால் அது ஒரு செயலே இல்லை. யாரும் 'தூங்குகிறேன்' என்று முடிவெடுத்துத் தூங்கும் கணத்தைப் பார்த்ததில்லை. தூக்கத்தில் நல்லவனையும் கெட்டவனையும் பிரித்தறிய முடியாது என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருக்கிறார். ஆகவே சட்டமும் அறமும் பழியைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகின்றன. தூங்கியது குற்றம் இல்லை, தூக்கம் வருவது தெரிந்தும் ஓட்டியது குற்றம். 2001 பிப்ரவரியில் இங்கிலாந்தில் செல்பி அருகே ஒருவரின் வண்டி சாலையிலிருந்து சறுக்கி ரயில் பாதையில் விழுந்தது. ரயில்கள் மோதிப் பத்துப் பேர் இறந்தார்கள். முந்தைய இரவு முழுக்க அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்பதை வைத்தே அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. தான் தூங்கவே இல்லை என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். குடித்துவிட்டுத் தவறு செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை கொடுத்த பழைய கிரேக்கச் சட்டத்தை அரிஸ்டாட்டில் ஆதரிப்பதும் இதே தர்க்கத்தில்தான். அறியாமையின் தொடக்கம் அவன் கையில் இருந்தது.

ஆனால் தொடக்கம் யார் கையில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால்? அப்பாவின் தொடக்கம் அவர் தொண்டையில், ஆலை வாசல் வரிசையில். அக்காவின் தொடக்கம் யாரோ தட்டச்சு செய்த பணிப்பட்டியலில். என் ஆலையில் விபத்து நடந்தால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது 'ஏன்'-இலேயே 'பணியாளர் கவனக்குறைவு' என்று எழுதிக் கோப்பை மூடுவதுதான் வழக்கம். தூக்க மருத்துவ உரைகளில் செர்னோபில், திரீ மைல் ஐலண்ட், போபால் என்று நள்ளிரவு விபத்துகளின் பட்டியல் ஒன்று அடிக்கடி வரும். அதில் போபாலைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அங்கே குளிரூட்டும் கருவி நிறுத்தப்பட்டிருந்தது, வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் வேலை செய்யவில்லை. தூங்கியது தொழிலாளி இல்லை.

இதையெல்லாம் ரயில் நிலையத்தில் அக்காவிடம் ஆவேசமாகச் சொன்னேன். எல்லாம் அமைப்பின் குற்றம், தனி மனிதனிடம் உண்மை கேட்க யாருக்கும் உரிமை இல்லை என்கிற மாதிரி. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டாள்:

"சரிடா. எதிர்ல பைக்ல ஒரு குடும்பம் வருதுன்னு வச்சுக்க. காடிய ஓரமா நிறுத்த ரோஸ்டர் வருமா?"

எனக்குப் பதில் இல்லை. இன்றும் முழுப் பதில் இல்லை. எதிரே வருகிறவருக்கு அப்பாவின் வறுமை ஒரு விளக்கம் ஆகாது.

மருத்துவர்களுக்கே இதில் ஒரே வழி இல்லை. பிரிட்டனில் ஓட்டுநர்தான் உரிமத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் சில நிலைகளில் மருத்துவரே எழுதிக் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டாவது பாதுகாப்பாகத் தெரிகிறது. ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்துவிடுவார் என்று தெரிந்தால் எட்டுக் கேள்விக்கும் பூஜ்யம் வரும். முதலாவது நோயாளியை மதிக்கிறது, சாலையில் போகும் மற்றவர்களை அதிர்ஷ்டத்திடம் விடுகிறது. பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வகுப்பு எடுப்பார்கள், வழிகாட்டிகள் இருக்கின்றன, எல்லாம் 'நோயாளியோடு பேசுங்கள்' என்று முடியும் என்றாள் அக்கா. என்ன பேசுவது என்பது பாடத்தில் இல்லையாம்.

நான் யோசித்து வந்து நிற்கும் இடம் இதுதான். களைப்பைப் பற்றிய உண்மையை அப்பா எதிரே வருகிறவருக்குக் கடன்பட்டிருக்கிறார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த உண்மைக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டு விலையை அவர் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். டாக்டர், உரிமத் துறை, குத்தகைக்காரர், மகன். விலையில் ஒரு பங்கையாவது எடுத்துக்கொள்ளாதவன் கேட்கும் கேள்விக்குப் பூஜ்யம்தான் நியாயமான பதில். நான் வேலையில் சேர்ந்து நான்கு வருடமாகியும் அப்பாவிடம் அந்தக் கால்வாயைப் பற்றிக் கேட்காததற்குக் காரணம், கேட்டால் வீட்டுச் செலவு முழுவதும் என் பக்கம் வரும் என்பதும்தான். அதை மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு அக்கா மறுபடி வந்தாள். இந்தத் தடவை நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேள்வி கேட்கவில்லை. கறுப்பு நாய்க் கதையைச் சொன்னாள், நாய் இல்லாமல். அப்பா முழுக்கக் கேட்டார். சிரிக்கவில்லை. "அன்னிக்கு இந்தத் தாள உன்கிட்ட குடுத்திருந்தா நீ எத்தன போட்டிருப்பே?" என்றார்.

"பதினேழு போட்டிருக்கணும் சித்தப்பா. பூஜ்யம்னுதான் போட்டிருப்பேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், வீட்டுத் தவணையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அப்பா எனக்குப் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அக்காவிடம், "அந்தக் கடைசிக் கேள்விக்கு ரெண்டுன்னு வச்சுக்க. இல்ல, மூணு" என்றார்.

அக்கா தன் குடும்பத்து ஆளைத் தானே பார்க்கக் கூடாது என்று வேறொரு மருத்துவமனையில் பதிவு செய்தாள். சில மாதம் காத்திருந்தோம். ஒரு ராத்திரி உடம்பெல்லாம் கம்பி ஒட்டிக்கொண்டு அங்கே படுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ராத்திரி முழுக்க விழித்திருந்து அவருடைய தூக்கத்தைப் பார்த்தது டெக்னீஷியன் ஒருவர். தூக்க மருத்துவத்திலும் ஒரு ஜாகா வேண்டியிருக்கிறது. முடிவு வந்தது: மணிக்கு 43 தடவை. சிகிச்சை தொடங்கிக் கட்டுக்குள் வரும்வரை லோரி ஓட்டக் கூடாது என்றார் அங்கிருந்த டாக்டர்.

மூக்கில் முகமூடி மாட்டி, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவியை வாங்கினோம். சில ஆயிரம் வெள்ளி. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை முதலில் செய்தபோது தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் மோட்டாரைத் திருப்பிப் போட்ட மாதிரி ஒன்றைத்தான் பயன்படுத்தினார். இழுப்பதற்குப் பதில் ஊதவிட்டார். இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப இதுக்கு ஏன் இவ்ளோ காசு?" என்று கேட்டார். அம்மா முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தூங்கவில்லை. குறட்டைச் சத்தம் இல்லாததால் தூங்கவில்லை என்றும் சொன்னார்.

தெலுங்கில் பெண்கள் பாடும் ஒரு கதைப்பாட்டில் இலட்சுமணன் பதினாலு வருடம் காட்டில் விழித்திருக்க, அவன் தூக்கத்தையும் சேர்த்து ஊர்மிளை அரண்மனையில் தூங்குகிறாள். அந்தக் கதையை இப்போது நான் தலைகீழாக யோசிக்கிறேன். அப்பா ஓட்டிய லோரி நிற்கவில்லை. குலைகள் வெட்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன, ஆலை ஓடுகிறது. குத்தகைக்காரர் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனை ஏற்றிவிட்டார். தன் நடையையும் அப்பாவின் நடையையும் சேர்த்து அவனே ஓட்டுகிறான். கல்யாணத்துக்குக் காசு சேர்க்கிறானாம்.

போன வாரம் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி சாலையில் லோரிச் சத்தம். அப்பாவின் அறையில் கருவி நின்றது. எட்டிப் பார்த்தேன். முகமூடியைக் கழற்றி நெற்றியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வளைவில் கியர் மாற்றும் சத்தம் தாமதமாகக் கேட்டது.

"மூணாவது நடை" என்றார்.

மணி இரண்டேகால்.